வீட்டுப் பட்டறை: இரண்டு கார்புரேட்டர்களைச் சமன் செய்தல்

சென்ற திங்கள் பிளக்கைத் துடைத்து இடைவெளி பார்க்கும் முறையை இப்பகுதியில் கூறினோம். அதன் தொடர்ச்சியாக, இரண்டு சிலிண்டர்களும் இரண்டு கார்புரேட்டர்களும் உடைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே சமன் செய்துகொள்ளும் வகையை இத்திங்கள் காண்போம்.

நம் இல்லங்களில் உள்ள வண்டிகளில் மிகப் பலவற்றுக்கு இவ்வேலை தேவைப்படாது. பழைய புல்லட்டுக்கு ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். தன்னோடு தானே ஒத்துப்போவதில் அதற்குத் தடை ஏது? 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பின்னர் வெளிவரும் வண்டிகளிலோ, பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை. மின்கருவி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. ஆனால் 1983-ஆம் ஆண்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார், யமஹா ஆர்.டி. 350 வண்டியின் அமைப்பைக் கொண்டு, ராஜ்தூத் 350 என்னும் வண்டியை நம் நாட்டில் செய்து விற்கத் தொடங்கினர். எண்பதுகளின் இறுதியோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் தந்தையார் ஓட்டிய வண்டி என்று அதைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உண்டு. அது 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். இக்கட்டுரை அவ்வகை வண்டியைக் கருதியே எழுதப்படுகிறது.

இரண்டு காளைகள் பூட்டிய வண்டியில் ஒரு காளை முந்தியும் மற்றொன்று பிந்தியும் நடந்தால் நுகத்தடிக்கும் கேடு, பயணத்துக்கும் கேடு. இங்கும் அவ்வாறே. கைப்பிடியைத் திருகும்போது ஒரு கார்புரேட்டர் முன்னதாகவும் மற்றொன்று பின்னதாகவும் திறக்குமாயின், எஞ்சின் அதிர்கிறது, மெதுவாக நிற்கும்போது தடுமாறுகிறது, பெட்ரோல் வீணாகிறது.

இதைத்தான் நாம் நேர் செய்யப் போகிறோம். ஆயினும் தொடங்குமுன் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். சமன் செய்வது கடைசி வேலை. முதல் வேலை அன்று. ஒரு பக்கம் சோர்ந்து ஓடினால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூவைச் சற்று ஏற்றிவிட்டுச் சத்தம் சீராகிவிட்டதென்று மகிழ்வோர் பலர். அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய் வெடித்து, அதன் வழியே மிகைக் காற்று புகுவது சோர்வுக்குக் காரணமாயிருந்தால், ஸ்க்ரூ அதை மறைக்குமேயன்றி மாற்றாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனைக் காக்கிறது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் அந்தச் சிலிண்டர் கொதித்து, வேகமாகப் போகும்போது பிஸ்டன் திடீரென இறுகிக்கொள்ளும். பின் சக்கரமும் அதனோடு பூட்டிக்கொள்ளும். வெளிவட்டச் சாலையில் இது நேர்ந்தால் சேதம் எஞ்சினோடு நில்லாது. தடுமாறும் வண்டி நம்மை எச்சரிக்கிறது. குறையை மறைத்துச் சமன் செய்த வண்டியோ எச்சரிப்பதில்லை.

ஆகவே முதலில் இரு பக்கங்களும் எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளக்குகள் ஒரே எண் உடையனவா? பாயிண்ட் உள்ள வண்டியாயின், இரண்டின் இடைவெளியும் தீப்பொறி விழும் நேரமும் சரியா? இரு கார்புரேட்டர்களிலும் ஜெட்டுகள் ஒரே எண்ணா? ஊசியின் கிளிப் ஒரே பள்ளத்தில் உள்ளதா? மிதவையின் உயரம் ஒன்றா? சோக் இரு பக்கமும் முழுதாக மூடுகிறதா? ரப்பர் குழாய்களை வளைத்து வெடிப்புத் தேடுங்கள். எஞ்சின் ஓடும்போது அவ்விணைப்பின்மேல் சிறிது நீரைத் தெளித்தால் வேகம் மாறுமாயின், அங்கே காற்று கசிகிறது. ரப்பர் பொருள்களுக்குச் சிக்கந்தராபாத் ராணிகஞ்ச் கடைகளில் விசாரிக்கலாம். மாற்றும்போது இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே நலம்.

இனிச் செய்முறை. எஞ்சின் ஆறியிருக்கட்டும். காற்று வடிகட்டியின் குழாய்களைக் கழற்றினால் கார்புரேட்டர்களின் வாய் தெரியும். உள்ளே மேலும் கீழும் நகரும் உருளையே த்ராட்டில் வால்வு. பக்கவாட்டிலுள்ள ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி வால்வுகள் முழுதும் கீழே இறங்கச் செய்யுங்கள். கேபிள்கள் இரண்டிலும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கட்டும்.

பின்னர் ஒரே பருமனும் ஒரே நீளமும் உள்ள இரண்டு நீண்ட டிரில் பிட்டுகளை எடுத்து, அவற்றின் வழவழப்பான முனையை வால்வுகளின் அடியில் செருகுங்கள். அவை தவறி உள்ளே போகாதபடி வெளி முனையில் நூல் கட்டிவைப்பது அவசியம். இப்போது கைப்பிடியை மிக மெதுவாகத் திருகுங்கள். வால்வு உயர்ந்ததும் பிட்டின் பிடி தளர்ந்து வெளி முனை சாயும். இரண்டும் ஒரே நொடியில் சாய்ந்தால் சமன். ஒன்று முந்தினால், கார்புரேட்டரின் தலையிலுள்ள கேபிள் அட்ஜஸ்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பி நேர் செய்யுங்கள். பிட்டுகளை எடுத்துவிட்டுக் கைப்பிடியை முழுதும் திருகி, இரு வால்வுகளும் வாயைவிட்டு முழுமையாக மேலேறுகின்றனவா என்றும் பாருங்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பும்போது வால்வுகள் அசைதல் கூடாது.

அடுத்தது ஐட்லிங். இரண்டு காற்று ஸ்க்ரூக்களையும் மென்மையாக இறுதிவரை மூடி, கைப்புத்தகம் கூறும் அளவுக்கு, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று, திறங்கள். இறுக்கி மூடினால் அதன் ஊசிமுனை கெடும். வடிகட்டிக் குழாய்களை மாட்டி, எஞ்சினைச் சூடேற்றுங்கள். எஞ்சினை நிறுத்தி ஒரு பக்கத்துப் பிளக் மூடியைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் செருகி, அதை எஞ்சினின் உலோகத்தில் படும்படி, பெட்ரோல் ஈரத்துக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இப்போது மற்றச் சிலிண்டர் மட்டும் ஓடும். அதன் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்பி, நின்றுவிடாமல் ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில் நிறுத்துங்கள். மறுபக்கத்தையும் அதே வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவேண்டாம். இரண்டும் சேர்ந்து ஓடும்போது வேகம் மிகும். அப்போது இரு ஸ்க்ரூக்களையும் ஒரே அளவு இறக்குங்கள். இரண்டு சைலன்சர்களின் பின்னேயும் சற்றுத் தள்ளிக் கையை வைத்தால், புகையின் துடிப்பு ஒத்திருப்பதை உணரலாம்.

ஒரு பக்கத்து ஸ்க்ரூ மற்றதைக் காட்டிலும் மிகுதியாக ஏற்றப்பட வேண்டியிருந்தால், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுக் குறையைத் தேடுங்கள். கசிவு வெளியே புலப்படாவிடில், கிராங்கின் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். அது நல்ல மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டிய வேலை.

எண்ணெய்ப் பம்பு உள்ள வண்டியில் அதன் கேபிளையும் கைப்புத்தகம் கூறும் குறியோடு இறுதியில் பொருத்திப் பார்க்க மறவாதீர்கள். பிறகு சில கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் ஆறியபின் பிளக்குகளைக் கழற்றுங்கள். இரண்டும் காப்பித்தூள் நிறத்தில் ஒத்திருந்தால் வேலை பலித்தது. ஒன்று வெளுத்திருந்தால் அந்தப் பக்கம் பெட்ரோல் போதவில்லை, மீண்டும் ஓட்டாதீர்கள்.

நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தோர் அறியவேண்டிய செய்தியும் உண்டு. ஐதராபாத் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அடர்த்தி சென்னையைவிட நூற்றுக்கு ஐந்து போலக் குறைவு. அங்கே சரிசெய்த வண்டி இங்கே பெட்ரோல் சற்று மிகுந்து ஓடும், அதனால் பெருந்தீங்கில்லை. இங்கே கருக்காகச் சரிசெய்த வண்டியைச் சென்னைக்குக் கொண்டுசென்றாலோ பெட்ரோல் குறையும். அதுவே ஆபத்தான பக்கம். மேலும், இப்போது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. அதுவும் பழைய கார்புரேட்டரின் கலவையைச் சிறிது காற்று மிகுந்த பக்கமே தள்ளுகிறது. பழைய ரப்பரையும் கெடுக்கக்கூடும். ஆதலின் ரப்பர்ச் சோதனையும் பிளக்கின் நிறமும் முன்னிலும் முக்கியமாகிவிட்டன.

இறுதியாக எச்சரிக்கை. அடுக்குமாடி வீடுகளின் செல்லரில் எஞ்சினை ஓடவிடாதீர்கள்; அங்கே தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, உயிரைக் கொல்லும். திறந்த வெளியே தகுந்த இடம். பெட்ரோல் சிந்திய இடத்தில் விளக்கும் பீடியும் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். நிற்கும் வண்டிக்குக் காற்றோட்டம் கிடைக்காதாதலின், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஞ்சினை ஆறவிடுங்கள்.

தேவைப்படும் கருவிகள் ஒரு திருப்புளி, இரண்டு டிரில் பிட்டுகள், ஒரு பிளக் ஸ்பேனர் ஆகியவையே. அவற்றினும் மேலாக வேண்டுவது, இரு பக்கத்தையும் ஒரே கண்ணால் நோக்கும் பொறுமை. அடுத்த திங்கள் கிளட்ச் பிளேட்டுகளைப் பற்றிக் காண்போம்.