நாட்பட்ட வலிக்குத் தொலைமருத்துவம்: ஆலோசனை வீட்டருகே, மருந்துச்சீட்டு தொலைவில்

நாகலாபுரம்: மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என மருத்துவம் வரையறுக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடமும் தரப்பட்டது. ஆனால், ஆந்திர - தமிழக எல்லையை ஒட்டிய நாகலாபுரம் போன்ற ஊர்களில், வலி நிவாரணச் சிறப்பு மருத்துவரைக் காண திருப்பதிக்கோ சென்னைக்கோதான் செல்ல வேண்டும். முதுகுவலிக்காரருக்கு அந்தப் பேருந்துப் பயணமே வலியைக் கூட்டிவிடும்.

இத்தொலைவைக் குறைக்கும் முயற்சிக்குப் பழைய சித்தூர் மாவட்டமே முன்னோடி. அங்குள்ள அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ நிறுவிய தொலைமருத்துவ மையத்தை, 2000 மார்ச்சில் அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். 2019 நவம்பரில் இ-சஞ்சீவனி சேவையை முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலமும் ஆந்திரம்தான்.

நாட்பட்ட வலிக்கு இம்முறை நன்கு பொருந்தும். தொடர் சிகிச்சையில் பெரும்பகுதி உரையாடலே: உறக்கம் எப்படி, எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, மருந்தால் மலச்சிக்கலோ மயக்கமோ உண்டா, பூஜ்ஜியம் முதல் பத்து வரையிலான அளவில் வலி எத்தனை? இவற்றைக் கேட்டறியக் காணொலி போதும். முதல் பரிசோதனைக்கு அது போதாது. கால் மரத்துப்போதல், சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல் போன்ற அறிகுறிகள் இருந்தால் உடனடியாக நேரில் சென்றாக வேண்டும்.

உண்மையான முட்டுக்கட்டை மருந்தில் இருக்கிறது. 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், எந்த மாநில நோயாளிக்கும் ஆலோசனை வழங்க மருத்துவருக்கு அனுமதி அளிக்கின்றன. ஆனால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து பரிந்துரைக்கத் தடை விதிக்கின்றன. மார்பின் மட்டுமல்ல, 2018-இல் அப்பட்டியலில் சேர்ந்த டிரமடாலும் இதில் அடங்கும். மார்பின் உள்ளிட்ட மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது என்பது நினைவுகூரத்தக்கது.

தவறான பயன்பாடு குறித்த அச்சம் நியாயமானதே. எனினும், நேரில் பரிசோதிக்கப்பட்டு அதே அளவு மருந்தைத் தொடரும் புற்றுநோயாளியையும், முதன்முறை அழைப்பவரையும் நெறிமுறை ஒரே தட்டில் வைக்கிறது. படுக்கையில் உள்ள அந்த நோயாளிக்காக, குடும்பத்தில் ஒருவர் கூலியை இழந்து மருந்துச்சீட்டுக்காகப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது.