யார் ஸார் திருகினது?

பழைய ஆபீஸ் கட்டடங்களில் சுவரோரமாக ஒரு வட்டத் திருகு இருக்கும். பெயர் தெர்மோஸ்டாட். பதினோரு மணிக்கு வெயிலில் அலைந்துவிட்டு வரும் சேல்ஸ் ஆசாமி அதை 18-க்குத் திருகுவார். பன்னிரண்டு மணிக்கு, காதில் பஞ்சு அடைத்த ஹெட்கிளார்க் 28-க்குத் திருப்புவார். சண்டை போட்டாலும் இரண்டு பேரும் ஒரே கட்சி... கரண்ட் பில் கட்டாத கட்சி!

ஒரு விஷயம் சொல்லட்டுமா? 18 வைத்தால் சீக்கிரம் குளிராது ஸார். பழைய மெஷினுக்கு 'ஓடு', 'நில்' என்று இரண்டே வார்த்தைதான் தெரியும். 24 வைத்தாலும் அதே வேகம்தான். 18 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று 2018-ல் மத்திய மின்துறையே கணக்குச் சொன்னது.

இந்தத் திருகைக் கழற்றிவிட்டு, நேரத்தைப் பதிந்து வைக்கிற தெர்மோஸ்டாட்டை மாட்டலாம். ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. கடிகாரம் வைத்த தெர்மோஸ்டாட் அமெரிக்காவில் 1906-லேயே வந்தாச்சு. லாபம்? நான் பி.காம். ஆசாமி, கணக்காகவே சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒன்பது டு ஆறு, ஐந்து நாள் ஆபீஸ் என்றால் 45 மணி. பாக்கி 123 மணி நேரம் நாற்காலிக்கும் ஃபைலுக்கும் எதற்கு ஊட்டிக் குளிர்?

ஆனால், வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. இதையும் அமெரிக்காவே நிரூபித்தது. அங்கே 'எனர்ஜி ஸ்டார்' என்று அரசாங்க முத்திரை ஒன்று உண்டு. 1995 முதல் இந்த தெர்மோஸ்டாட்டுகளுக்கும் கொடுத்தார்கள். எதிர்பார்த்த மிச்சம் வரவில்லை என்று 2009 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். கருவியில் கோளாறில்லை. வாங்கிய பலர் நேரத்தைப் பதியவே இல்லை! 'ஹோல்ட்' பட்டனை அமுக்கிவிட்டுப் பழைய திருகு மாதிரியே வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, உங்கள் ஆபீஸில் மாற்றப்போகிறார்கள் என்றால் மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, சுவரில் வரும் ஒயரில் 24 வோல்ட்டா, 230 வோல்ட்டா? தெரிந்த எலெக்ட்ரீஷியன் பார்த்து, பொருத்தமானதை மாட்டட்டும். இரண்டு, பழைய திருகுக்குள் பாதரசக் குப்பி இருக்கலாம். குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. மூன்று, பொங்கல் லீவையும் தீபாவளி லீவையும் அதில் பதியப்போவது யார்? அந்த ஆள் யாரென்று முடிவாகும்வரை பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்து வேண்டாம்!