ஊதாதீர்கள்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் ஸ்ரீவைகுண்டத்துத் தெருவோரக் குப்பையில் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கண்டு எடுத்து வந்தோம். 1990களில் நம் ஊர்களில் விற்ற அத்தகைய பெட்டிகளில் பல, நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்.

கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவதே அன்று நாம் அறிந்த வைத்தியம். பலித்தது ஊதல் அன்று. கழற்றி மீண்டும் செருகியதே. எச்சில் ஈரமோ உலோகத்தை அரித்தது. கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழுது பெரும்பாலும் சிப்பில் இருப்பதில்லை. கேசட்டைக் கவ்வும் 60 பின்களில்தான். அவை கறுக்கும், நாளடைவில் பிடி தளரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, தளர்ந்த பின்னைக் குண்டூசியால் மெல்ல நிமிர்த்த வேண்டும். அழிரப்பரால் அழுத்தித் தேய்ப்போரும் உண்டு. முலாம் போய்விடும், வேண்டாம். சேறு புகுந்திருந்தால் பலகையைக் கழற்றிக் கழுவி, முற்றிலும் உலர்த்திய பின்னரே மின்சாரம் தரலாம்.

ஃபேமிகாமைப் பழுதுபார்ப்பதை நிண்டெண்டோவே 2007இல் நிறுத்திவிட்டது. பெயரற்ற நகல்களுக்கு யார் பொறுப்பேற்பர்? ஓலைச்சுவடிக்கு எண்ணெய் பூசிக் காப்பதைப் போற்றும் நாம், ஒரு தலைமுறையின் விளையாட்டைக் குப்பையில் எறியக் கூசாதது ஏன்?

எங்கள் பெட்டியில் 47 பின்கள் நிமிர்ந்துவிட்டன. மீதியை இந்த ஞாயிறு பார்க்க வேண்டும்.