விழுந்தால் யார் வீட்டுக்கு?

பரிசுச்சீட்டைத் தமிழ்நாட்டில் மீண்டும் திறந்துவிட வேண்டும் என்னும் குரல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து அடங்குவது வழக்கம். 2021 ஜூலையில் அது ஓர் அறிக்கைப் போராகவே நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் எச்சரிக்க, அப்படியொரு எண்ணமே அரசுக்கு இல்லை என்று அன்றைய நிதியமைச்சர் மறுக்க, பேச்சு ஓய்ந்தது. ஓய்ந்ததே ஒழிய இறக்கவில்லை. இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் அது வேறு உடை உடுத்தி வரும். ‘ஏழைக்குக் கனவு காணும் உரிமைகூட இல்லையா?’ என்பார் ஒருவர். ‘உழைக்க மனமில்லாதவனின் பேராசைக்குப் பெயர் கனவா?’ என்று எதிர்ப்பாட்டுப் பாடுவார் இன்னொருவர். இருவரும் படித்தவர்கள், இருவரும் மாதச் சம்பளக்காரர்கள் (அடியேனும் அவ்வாறே). இவ்விரு தரப்போடும் எனக்கு வழக்கு உண்டு.

அறம் உரைப்பவரை முதலில் பார்ப்போம். அவர் கையில் ஆயத்தமாக இருப்பது திருக்குறளின் 94ஆம் அதிகாரம். ‘சூது’ என்னும் அந்த அதிகாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் கவனிப்பதில்லை. பொருட்பாலில், பரிமேலழகர் வகுப்பின்படி அங்கவியலின் இறுதியை ஒட்டி இருக்கிறது. அமைச்சு, நாடு, அரண், படை, நட்பு என்று அரசின் உறுப்புகளைப் பேசிவரும் இயல் அது. அதாவது, ஆள்பவனை நோக்கிச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. நம் மரபில் சூதாடிக் கெட்டவர்கள் யார்? நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்த தருமன். நாடிழந்து காடு புகுந்த நளன். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புலம்பும் பெயரற்ற சூதாடி ஒரு விலக்கு. மற்றபடி பழைய இலக்கியம் சூதைப் பேசும்போது பெரும்பாலும் மன்னனின் காதைத்தான் திருகியது. அந்தக் கையை எடுத்து, டேனரியில் ஈரத்தோல் சுமப்பவன் காதில் வைத்தவர்கள் நாம். அதே பொருட்பாலில் இன்னும் பதினோரு அதிகாரம் தள்ளிப் புரட்டினால் ‘நல்குரவு’ வருகிறது. 94ஐ மேடையில் முழங்குவோர் 105 வரை வந்து சேர்ந்ததை நான் கண்டதில்லை.

சரி, ஆள்பவன் என்ன செய்தான்? சூதைக் கண்டிப்பதைவிட அதை நடத்துவது இலாபம் என்பது மிகப் பழைய ஞானம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் சூதாட்டத்துக்கென்றே ஓர் அத்தியட்சகனை நியமிக்கிறது. வென்றவன் பணத்தில் நூற்றுக்கு ஐந்து அவன் எடுத்துக்கொள்வான். காய்களுக்கு வாடகை தனி. நம் காலத்தில் கேரளம் 1967இல் பரிசுச்சீட்டைத் தொடங்கி 1968 குடியரசு நாளில் முதல் குலுக்கலை நடத்தியது. அதே 1968இல் அண்ணாவின் அரசு இங்கும் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு.’ மோனையும் இயைபும் பொருந்திய முழக்கம்; தமிழாசிரியன் என்ற முறையில் அதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அது செய்யும் வேலையைப் பாருங்கள். தோற்றவனின் ரூபாய் அங்கே தியாகமாக மாறிவிடுகிறது. ஏமாந்தவன் வீடு திரும்பும்போது தேசபக்தனாகத் திரும்புகிறான். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று 1967இல் வாக்களித்த கட்சி, சென்னையிலும் கோவையிலும் ஒரு படியோடு நிறுத்திக்கொண்டு, அதே ரூபாய்க்கு ஒரு கனவைக் கொடுத்தது. அண்ணா மீது எனக்கு மதிப்புண்டு. அதனால் இதைச் சொல்லாமல் விடவேண்டியதில்லை.

கேரளத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். 2022 ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ரூபாய். சீட்டு 500 ரூபாய். விற்றவை அறுபது லட்சத்துக்கும் மேல். ஒரே குலுக்கலில் 300 கோடிக்கு மேல் திரண்டது. முகவர் கழிவும் வரியும் போக, வென்றவர் கையில் சேர்ந்தது 16 கோடிக்கும் குறைவு. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்கிறது. ஆகவே கேரளம் கிழமைக்கு ஒரு பெயராக ஏழு லாட்டரிகளை வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் பிற்பகல் மூன்று மணிக்குக் குலுக்குகிறது. சட்டத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டுவிட்டது. நேர்மையாகச் சொன்னால், அத்துறை அங்கே ஒழுங்காக நடக்கிறது. காருண்யா என்ற பெயரில் ஏழை நோயாளிகளின் மருத்துவத்துக்கென்றே ஒரு சீட்டு வந்தது. ஓர் ஏழையின் டயாலிசிஸ் செலவை இன்னோர் ஏழையின் கனவிலிருந்து எடுத்துக் கட்டும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவரின் துணிச்சல் எனக்கு வராது. செல்வர் மீது வரி போட்டுக் கட்டினால் அதற்குக் கருணை என்ற பெயர் தேவைப்படாது.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. அதற்குமுன் ஆற்காடு பேருந்து நிலையத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். பிற மாநிலச் சீட்டுகள் கயிற்றில் துணிபோல் தொங்கும். கடைசியில் வந்தவை ஒற்றை இலக்கச் சீட்டும் சுரண்டல் சீட்டும். (அந்தப் பெயரை யார் வைத்தாரோ, அவர் கவிஞர்.) கூலியாட்கள் கடை வாசலிலேயே நின்று சுரண்டி, அங்கேயே வீசி, அங்கேயே மறுசீட்டு வாங்கினார்கள். தடை சரியானது, அதில் எனக்கு ஐயமில்லை. சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத்திறனாளிகளுக்கு மாற்று வழி எதையும் நினைக்காமல் ஒரே நாளில் செய்ததில்தான் குறை. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அதே அரசு சில்லறை மதுவிற்பனையை டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தது. ஒரு கல்லாவை மூடிய கை இன்னொரு கல்லாவைத் திறந்த வேகத்தை வள்ளுவர் கண்டிருந்தால், கள்ளுண்ணாமையையும் சூதையும் அடுத்தடுத்து வைத்த பொருத்தத்தை எண்ணிச் சிரித்திருப்பார்.

கல்லாவை மூடினால் கனவு மூடிக்கொள்வதில்லை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்துத் துண்டுச்சீட்டில் எழுதி விற்கும் மூன்று நம்பர் லாட்டரி இங்கே திருட்டுத்தனமாக வளர்ந்தது. வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் மடங்கு கொடுக்கும் முட்டாள் முதலாளி எவனும் இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத்தொழிலாளி இதில் கடனாளியாகி, மனைவி, மூன்று சிறு பெண்மக்களோடு மாண்ட செய்தியைத் தமிழ்நாடு மூன்று நாள் பேசி மறந்தது. வடமாவட்டங்களில் கனவு இன்னும் மரியாதையான உடை உடுத்தியது. சீட்டு என்ற சொல்லின் கதையே விந்தையானது. பரிசுச்சீட்டு, ஏலச்சீட்டு, ஆடும் சீட்டு எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். ஆருத்ரா கோல்டு டிரேடிங் மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்லி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் திரட்டியது என்பது 2022இல் காவல்துறை தொடுத்த வழக்கு. அதே ஆண்டு காட்பாடியின் ஐ.எஃப்.எஸ். நிறுவனமும் வழக்கில் சிக்கியது. பணம் போட்டவர்களில் ஆசிரியர்களும் காவலர்களும் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று யாரும் மேடையில் வையவில்லை. ‘முதலீட்டாளர்கள்’ என்றே நாளேடுகள் எழுதின. கூலிக்காரன் போட்டால் சூது. குமாஸ்தா போட்டால் முதலீடு.

இனி, கனவின் வழக்கறிஞர்கள். இவர்கள் செகாவைத் துணைக்கு அழைப்பார்கள். 1887இல் எழுதிய ‘லாட்டரிச் சீட்டு’ கதையில் ஒரு கணவனும் மனைவியும் தொடர் எண் பொருந்தியிருப்பதைக் கண்டு, சீட்டு எண்ணைப் பார்ப்பதை வேண்டுமென்றே தள்ளிப்போட்டுக் கனவு காண்கிறார்கள். கனவு நீள நீள ஒருவரை ஒருவர் வெறுக்கத் தொடங்குகிறார்கள். எண் 26 அல்ல, 46 என்று தெரிந்தபின் வீடே இருண்டு சிறுத்துப்போகிறது. மேதையின் கதை, மறுக்கவில்லை. ஆனால் அது பசியற்றவர்களின் கனவு. பண்ணை வீடும் வெளிநாட்டுப் பயணமும் கேட்கும் கனவு. அதைக் கொண்டுவந்து திமிரிக்கும் கலவைக்கும் பொருத்தி, ‘மனித மனத்தின் ஆழம்’ என்று பேசுவது சோம்பேறி விமர்சனம்.

எனக்கு இதில் செகாவைவிட நெருக்கமாகத் தோன்றுவது பிரியதர்ஷனின் ‘கிலுக்கம்’ (1991). இன்னசென்ட் நடித்த வேலைக்காரனுக்கு லாட்டரி விழுந்துவிட்டதாக ரேவதி விளையாட்டாக நம்பவைத்துவிடுகிறார். மயங்கி எழுந்த அவன் முதலில் செய்வது என்ன? வீடு வாங்கக் கிளம்பவில்லை. இத்தனை காலம் ஏவிய எசமானனை நின்று வைகிறான். அரங்கு சிரித்தது. ஒரு மனிதன் பணத்தைக் கொண்டு வாங்க நினைத்த முதற்பொருள், ‘முடியாது’ என்று சொல்லும் வாய். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைக் கண்டார்களோ!

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவர்களுக்கு ‘ஒரு கோடி விழுந்தால்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். திமிரி, விளாப்பாக்கம், கலவை, ஆற்காடு சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பலருடைய தாய்மார் விடிவதற்குமுன் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். கடலையும் விமானத்தையும் எதிர்பார்த்துக் காத்திருந்த வாசகனுக்கு அந்தத் தாள்களில் கிடைத்தவை வேறு. குழுக்கடனை ஒரே தவணையில் கட்டி அட்டையை வாங்கி வருவது. அடகில் இருக்கும் தோடு. வீட்டுமனைக்குப் பட்டா. தாத்தாவின் கண்ணுக்கு அறுவை. ‘அம்மாவைக் கம்பெனி பஸ்ஸில் ஏற விடமாட்டேன்’ என்ற வரியை ஒரு பெண் தனிப் பத்தியாகவே எழுதியிருந்தாள். ஒரு பையன் ஒவ்வொன்றுக்கும் விலைபோட்டுக் கூட்டியிருந்தான். மொத்தம் பதினோரு லட்சம் சொச்சம். மீதி எண்பத்தொன்பது லட்சத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ‘மீதியை பேங்கில் போடுவேன்’ என்று முடித்துவிட்டான். பேராசை என்று சொல்லும் பெருமக்கள் இந்தக் கூட்டலைச் சரிபார்க்கட்டும். கனவு காணும் உரிமை என்று கசிந்துருகுவோரும் பார்க்கட்டும். இது கனவுப் பட்டியலா, பாக்கிப் பட்டியலா?

பாக்கி என்று நான் சொல்வது உருவகம் அல்ல. பாலாற்றுக் கரையில் தோல் பதனிட்ட கழிவு நீரிலும் நிலத்திலும் இறங்கியதற்கு, 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் பாடம். அதே நீதிமன்றம் இழப்பீட்டை உரியவர்களுக்குக் கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். கிணறு கெட்டவனுக்கு வரவேண்டிய பணம் குலுக்கலைவிட நிச்சயமற்றதாக இருக்கும் ஊரில், அவன் சீட்டு வாங்குவதைப் பகுத்தறிவற்ற செயல் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

அதற்காகக் கல்லாவைத் திறக்கலாமா? கூடாது. அரசு சீட்டு விற்கத் தொடங்கும் கணத்தில், அந்தப் பதினோரு லட்சத்தைத் தரவேண்டிய கடன்காரன் அதைப் பரிசாக விற்கும் வியாபாரியாகிவிடுகிறான். பட்டா தராதவரை, கூலியை உயர்த்தாதவரை, கனவு நன்றாக விற்கும். அப்படியொரு அரசுக்கு அவற்றைத் தருவதில் என்ன ஆர்வம் இருக்கும்? விற்பவரின் வலிமைக்கு ஒரு சான்று போதும். 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையம் வெளியிட்ட பத்திரப் பட்டியலில் மற்ற எவரையும்விட அதிகம் வாங்கியது ஒரு லாட்டரி நிறுவனம்: ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். பெற்ற கட்சிகளில் முதலாவது திரிணமூல் காங்கிரஸ். இரண்டாவது, 500 கோடிக்கு மேல் பெற்ற திமுக. லாட்டரி தடைசெய்யப்பட்ட மாநிலத்தின் கட்சி! ‘அருணாசலம்’ படத்தில் முப்பது நாளில் முப்பது கோடியைத் தொலைக்க ரஜினிகாந்த் கட்சி தொடங்குவார். நிறுவனங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

2022இல் அந்த 25 கோடியை வென்றவர் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர். சில நாட்களிலேயே, வெல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்; வீட்டில் தங்க முடியாமல் உறவினர் வீடுகளுக்கு மாறினார். பணம் மனிதனைக் கெடுக்கும் என்பதற்கு உதாரணமாக இந்தச் செய்தியை நண்பர்கள் பலர் அனுப்பிவைத்தார்கள். அவருடைய வாசலில் விடியற்காலை முதல் நின்றவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மருத்துவச் செலவு, மகளின் திருமணம், இடிந்த வீடு, கடன். ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டத்துக்கு வருபவர்கள் மஞ்சள் பையில் வைத்திருக்கும் மனுக்களை வாங்கிப் படித்துப் பாருங்கள். அவற்றில் இருப்பவையும் இவையே.