டிட்டர்ஸ்டார்ஃபின் தவளைகள்

இசை கதை சொல்லலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியையோ (1808) பெர்லியோஸின் கற்பனைச் சிம்பொனியையோ (1830) மேற்கோள் காட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. வியன்னாவில் பிறந்த கார்ல் டிட்டர்ஸ் ஃபான் டிட்டர்ஸ்டார்ஃப் (1739–1799), ரோமானியக் கவிஞர் ஓவிடின் 'உருமாற்றங்கள்' காவியத்தைத் தழுவிய சிம்பொனிகளை 1786இலேயே அந்நகரில் அரங்கேற்றிவிட்டார் என்பதை நாம் நினைவில் கொள்வதில்லை. ஹைடனின் நண்பர், மொசார்ட்டின் சமகாலத்தவர் என்ற அடிக்குறிப்போடு அவரை விட்டுவிடுகிறோம். இது நியாயமன்று என்பதே எங்கள் எண்ணம்.

தலைப்பை மறைத்துவிட்டால் கதை எவருக்குப் புரியும் என்று கேட்போர் உண்டு. புரியாதுதான். ஆனால் டிட்டர்ஸ்டார்ஃப் கதையை அறிவிக்க முனையவில்லை. ஓவிடை இலத்தீனிலேயே படித்திருந்த அன்றைய கற்றோருக்கு அது தெரிந்த கதை. தெரிந்த கதைக்கு ஒரு வாசிப்பைத் தருவதே அவர் நோக்கம் என்று கொள்ளலாம்.

அக்டியோன் கதையைப் பாருங்கள். முதல் பகுதி உற்சாகமான வேட்டை. இரண்டாம் பகுதியில் டயானா தேவி நீராடும் அமைதி. மூன்றாவது, அரசவை நடனமான மினுவெட். அங்கேதான் அக்டியோன் தேவியைக் கண்டுவிடுகிறான். இறுதிப் பகுதியில் மானாக மாறிய அவனை அவனுடைய நாய்களே குதறுகின்றன. வேட்டையில் தொடங்கிய படைப்பு வேட்டையிலேயே முடிகிறது. வேட்டையாடியவன் மட்டும் இடம் மாறிவிடுகிறான். நான்கு பகுதிகள் கொண்ட சிம்பொனி வடிவத்தையே அவர் உருமாற்றத்தின் கருவியாக்கியிருக்கிறார். சாவுக்கு முன் ஒலிக்கும் அந்த நாகரிகமான நடனம் பொருந்தவில்லை என்பார்கள். தனக்கு நேரப்போவதை அறியாத மனிதனுக்கு அதைவிடப் பொருத்தமான இசை எது?

ஆறாவது சிம்பொனி இன்னும் துணிச்சலானது. இரு கைக்குழந்தைகளோடு தாகத்தால் வாடி வந்த லடோனா தேவிக்குத் தண்ணீர் மறுத்து, குளத்தைக் கலக்கிய லிசியா நாட்டு உழவர்கள் தவளைகளாகிறார்கள். முடிவில் முழக்கமில்லை, இசை தாழ்ந்து முணுமுணுப்பாய் அடங்குகிறது. சிரிப்பதா இரங்குவதா என்ற தயக்கத்தில் கேட்பவரை விட்டுச் செல்லும் அம்முடிவு, ஓவிடைப் பலமுறை படித்த ஒருவருக்கே தோன்றக்கூடியது.

அவர் எழுதிய 12 சிம்பொனிகளில் 6 மட்டுமே இன்று முழு இசைக்குழு வடிவில் எஞ்சியுள்ளன. மொசார்ட்டை அளவுகோலாக வைத்துக் கேட்டால் இவை சிறியனவாகவே தெரியும். ஓவிடை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். பிறகு வாதிடுவோம்.