சரக்கு விடுபட எத்தனை மணி நேரம்? கணக்கு நம்மிடமும் வேண்டும்

ஏற்றுமதி, இறக்குமதி நடைமுறைகளை எளிதாக்க வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசப்படுகிறது. எடை போடாமல் நாம் விலை சொல்வதில்லை. அதுபோல், தாமதம் எங்கே என்று அளக்காமல் அதைக் களையவும் முடியாது.

இதற்கென உலக சுங்க அமைப்பு ஓர் ஆய்வுமுறையை வகுத்துள்ளது. சரக்கு வந்து சேர்ந்தது முதல் சுங்க இலாகா விடுவிக்கும் வரை, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஆகும் நேரத்தைக் குறிப்பதே அது. 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமும் இவ்வாறு அளந்து வெளியிடுவதை ஊக்குவிக்கிறது.

நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் வாரத்தில் எடுத்த கணக்குப்படி, இறக்குமதிச் சரக்கு விடுபடக் கடல் துறைமுகங்களில் சராசரியாக 85 மணி 42 நிமிடம் ஆயிற்று. முந்தைய ஆண்டைவிட இது 9 சதவீதம் குறைவு. இலக்கோ 48 மணி நேரம். முன்னேற்றத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், சராசரிக்குள் பெரிய கம்பெனியும் உண்டு, மாதம் ஒரு கன்டெய்னர் பருப்பு இறக்கும் மொத்த வியாபாரியும் உண்டு. இருவருக்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல. பருப்புக்குத் தாவர நோய்த் தடுப்புச் சோதனையும் உணவுப் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. மேலும், சுங்க இலாகா விடுவித்ததும் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர், கிடங்குக் கட்டணம், லாரிக்குக் காத்திருப்பு என நமக்குச் செலவு தொடர்கிறது. டெமரேஜ் சராசரியைப் பார்த்து வசூலிக்கப்படுவதில்லை.

ஆகவே, நமது சங்கமே ஒரு கணக்கு எடுக்க வேண்டுகிறோம். கப்பல் வந்தது, பில் ஆப் என்ட்ரி தாக்கல் செய்தது, வரி கட்டியது, சோதனை முடிவு வந்தது, சுங்கம் விடுவித்தது, சரக்கு குடோனுக்கு வந்தது ஆகிய ஆறு நேரங்களை ஒரு சீட்டில் எழுதினால் போதும். சென்னை, தூத்துக்குடி வழியாகச் சரக்கு எடுக்கும் உறுப்பினர்கள் மூன்று மாதம் இதைச் செய்யட்டும். தாமதம் நம் தரப்பில் இருந்தாலும் அதில் தெரிந்துவிடும், தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

சுங்க ஆணையர் அலுவலகங்களில் வணிகர்களோடு நடைபெறும் வர்த்தக வசதிக் குழுக் கூட்டங்களுக்கு வெறும் முறையீட்டோடு போனால், "ஆவன செய்கிறோம்" என்ற பதிலே கிடைக்கும். நேரம் குறித்த சீட்டுகளோடு போவோம். அப்போது எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் என்று பதில் சொல்லியே ஆக வேண்டும்.