அலுவலகம் இல்லையென்றால் வரியும் இல்லையா?

இணையவழி விளம்பரங்களுக்காக அயல்நாட்டு நிறுவனங்கள் பெறும் தொகையின் மீது 2016இல் விதிக்கப்பட்ட 6 விழுக்காட்டுச் சமன்படுத்தும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டதை ஒரு பழைய அநீதி களையப்பட்டதாகவே வணிக வட்டாரங்கள் கொண்டாடியதற்குக் காரணம், இந்தியாவில் அலுவலகம் இல்லாத நிறுவனத்திடம் வரி கேட்க இந்தியாவுக்கு உரிமையே கிடையாது என்று ஆராயாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட நம்பிக்கையாகும். இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகளின்படி, அயல்நாட்டு நிறுவனத்துக்கு இங்கே 'நிரந்தர நிலையம்', அதாவது தொழில் நடத்துவதற்கான நிலையான இடம், இருந்தால் மட்டுமே அதன் வணிக லாபத்துக்கு வரி விதிக்கலாம். கப்பலும் தந்தியும் வணிகத்தைச் சுமந்த 1920களில் சர்வதேச சங்கத்தின் (League of Nations) நிபுணர்கள் வகுத்த ஏற்பாடு இது. இதை இயற்கை நீதியைப் போல ஓதுவது அறியாமை.

அப்படி ஓதுபவர்கள் பார்முலா ஒன் கார்ப் பந்தய வழக்கைப் படிக்க வேண்டும். கிரேட்டர் நொய்டாவின் புத்த சர்வதேசப் பந்தயக் களம் வேறொருவருக்குச் சொந்தமானது, தனக்கு அங்கே ஆண்டில் சில நாட்களே வேலை என்று அப்பந்தயத்தின் உரிமையை வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனம் வாதிட்டபோது, அந்தச் சில நாட்களில் களம் அதன் கட்டுப்பாட்டில் இருந்ததே போதும், அதுவே நிரந்தர நிலையம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. சில நாள் கார்ப் பந்தயம் நிலையான இருப்பு எனில், ஆண்டின் எல்லா நாட்களிலும் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் விளம்பரம் விற்பது இருப்பு ஆகாதா? சொந்த நிலம் இல்லாத பந்தய நிறுவனத்தைக் கட்டிய விதி, சொந்தக் கட்டடம் இல்லாத விளம்பர நிறுவனத்தை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

இதே சமன்படுத்தும் வரியின் பெயரில் இணைய வணிகத்தின் மீது 2020இல் விதிக்கப்பட்ட 2 விழுக்காட்டு வரி பாரபட்சமானது என்று 2021இல் அறிவித்த அமெரிக்கா பதிலடிச் சுங்கவரி பற்றியும் பேசியது. அமெரிக்காவுடனான உடன்படிக்கையோ, பெறுபவர் தாமே பயன்படுத்தத்தக்க தொழில்நுட்ப அறிவு கைமாறாதவரை, பெரும்பாலான ஆலோசனைக் கட்டணங்களைத் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்று கருதி இந்தியா வரி விதிப்பதற்கு இடம் தருவதில்லை. தானியங்கி இணையச் சேவைகளுக்கு வருமானம் பிறக்கும் நாடே வரி விதிக்க வழிசெய்யும் 12பி பிரிவை ஐக்கிய நாடுகளின் மாதிரி உடன்படிக்கை 2021இலேயே சேர்த்துவிட்ட பின்னரும், பழைய உடன்படிக்கைகளை மாற்றக் கோரும் குரல் இங்கே வலுக்கவில்லை.

சமன்படுத்தும் வரியின் சுமை இந்திய வாடிக்கையாளர் தலையில்தான் விழுந்தது என்பார்கள், விழுந்தது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் வரியன்று, வரி நீங்கலான முழுத் தொகையும் தனக்கு வந்து சேர வேண்டும் என்று அயல்நாட்டு நிறுவனம் எழுதிவைக்கும் ஒப்பந்த வாசகம். பேரம் பேசும் வலு இல்லாத சிறு நிறுவனம் அதில் கையெழுத்திட்டுவிட்டு, தன் சொந்த லாபத்துக்கான வருமான வரியையும் தவறாமல் செலுத்துகிறது.